உதடு ஒட்டும் சொற்கள்

மூன்று வருடங்களாக அந்த அறையில் என் முகத்தின் கீழ்ப்பாதியை யாரும் பார்த்ததில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுவை அரங்குகளில் பயன்படுத்திய கருவிகள் எல்லாம் எங்களிடம்தான் வரும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கழுவுகிறவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். கழுவி வந்ததை விளக்கின் கீழ் சோதித்து, பட்டியலின்படி எண்ணி டிரேயில் அடுக்கி, நீலத் துணியில் இரண்டு மடிப்பாகப் பொதிந்து, கோடு போட்ட டேப் ஒட்டி, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்புவோம். நீராவியில் வெந்து வெளியே வரும்போது டேப்பின் கோடுகள் கறுத்திருக்கும். ஆட்டோகிளேவைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ஆவி அண்ணன் என்பார்கள். நீராவியோடு வேலை என்பதால் மட்டுமல்ல, அவர் பின்னால் வந்து நிற்பதும் தெரியாது.

தொப்பி, அங்கி, மாஸ்க். கண்கள் மட்டும் வெளியே. வேலைக்கு வந்த அன்று நான் கேட்ட ஒரே கேள்வி, நாள் முழுக்க மாஸ்க் போட வேண்டுமா என்பதுதான். "ஆமாம்மா, கழட்டவே கூடாது" என்றார் பொறுப்பிலிருந்த சிஸ்டர், ஏதோ பெரிய கஷ்டத்தை முன்கூட்டியே சொல்லிவைப்பதுபோல.

என் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கும். நடுவில் இருக்கும் இரண்டும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறியிருக்கும். எத்துப்பல். முன்னால் ஒரு மெய்யெழுத்து சேர்ந்து தெத்துப்பல்லாக இருந்திருந்தால் களை என்றிருப்பார்கள். ஓர் எழுத்து குறைந்ததால் பள்ளியில் எனக்கு மண்வெட்டி என்று பெயர் வந்தது. நான் வகுப்புக்குள் நுழையும்போது முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுவரை ஒவ்வொருவராக மேல்பல்லால் கீழுதட்டைக் கவ்விக்கொள்வார்கள். சத்தம் இருக்காது, அதனால் ஆசிரியையிடம் சொல்லவும் முடியாது. பதின்மூன்று வயதில் பல் மருத்துவர் கம்பி போடச் சொன்னார். "வளர வளர சரியாயிடும்" என்றாள் அம்மா. நான் வளர்ந்தேன். பல்லும் சும்மா இருக்கவில்லை.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். எனக்குப் பல் இருந்ததால் சொல் போயிற்று. எழுத்துகளிலேயே என் பகை ஈ. அதைச் சொல்ல உதடு இரண்டு பக்கமும் விரிந்தாக வேண்டும். அதன் குடும்பமே எனக்கு ஆகாது: சரி, இல்லை, நன்றி, கிளி, தீபம். உதட்டைக் குவிக்கும் அல்லது மூடும் சொற்கள் என் கட்சி. சரி என்பதற்கு உம். இல்லை என்பதற்கு ம்ஹும். வேறு வழியில்லாமல் இகரம் வந்தால் அதை விழுங்கி உகரம்போலச் சொல்லிவிடுவேன். கிளம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன், "போறேன்" என்பேன். "போறேன்னு சொல்லாதடி, வர்றேன்னு சொல்லு" என்று அம்மா இன்றுவரை வாசலில் திட்டுவாள். அவளுக்கு அது அபசகுனம். எனக்கு அது இலக்கணம்.

இருபத்து நான்கு வயதில், மாஸ்குக்குள் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் சொல்லும் வசதி வந்த பிறகும், உதடுகள் பழைய சட்டத்தையே நடத்தின. மதியச் சாப்பாட்டை அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் சின்ன அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டு, வாய் துடைத்து, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். சாப்பாட்டு அறையில் மற்றவர்கள் சிரிப்பது பெட்டிகளைத் தாண்டிக் கேட்கும்.

அவள் வந்தது ஒரு திங்கட்கிழமை. மருத்துவமனையின் கீழ்த்தளத்துச் சலவைப் பிரிவில் மூன்று வருடம் இருந்தவள், என் வயதுதான். சிஸ்டர் அவளைத் தோளில் தொட்டு முன்னால் நிறுத்தினார்.

"இவளுக்குப் பதினோரு வயசுல காய்ச்சல் வந்து காது போயிடுச்சு. பேசுவா. நாம பேசறத உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவா. அதனால இவகூட எண்ணறவங்க இதைப் போட்டுக்கணும்."

சிஸ்டர் கையில் இருந்த மாஸ்க்கின் நடுவில், வாய் இருக்கும் இடத்தில், தெளிவான பிளாஸ்டிக்கில் ஒரு ஜன்னல் வைத்துத் தைத்திருந்தார்கள்.

"நீதான் இவளுக்கு ஜோடி" என்றார் என்னைப் பார்த்து.

"நானா?"

"தப்பே பண்ணாதவ நீ ஒருத்திதான். வளவளன்னும் பேச மாட்டே. ரெண்டு வாரம் பார்ப்போம். எண்ணிக்கை ஒழுங்கா வந்தா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா பழையபடி சலவைதான்."

எங்கள் வேலையில் ஜோடி இல்லாமல் நடக்காது. தானே பட்டியலைப் பார்த்து எடுத்தால் கண் ஒரு வரியைத் தாண்டிவிடும். அதனால் ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர் கேட்டு எடுத்துத் தூக்கிக் காட்ட வேண்டும், வாசித்தவர் நிமிர்ந்து பார்த்து டிக் போட வேண்டும்.

ஆவி அண்ணன் அன்றே அவளுக்குப் புதுசு என்று பெயர் வைத்து, கேட்காமலே தானும் ஒரு ஜன்னல் மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். "மீசை வெச்சு இத்தனை வருஷமாச்சு, ஒருத்தராவது பாக்கட்டுமே."

புதுசு சிரித்தாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவள் பேச்சு தட்டையாகவும் சத்தமாகவும் இருக்கும். "அண்ணே, முன்னாடியே சொல்லிடறேன். மாமான்னு சொன்னாலும் பாப்பான்னு சொன்னாலும் உதட்டுல ஒண்ணுதான். அம்மாவும் அப்பாவும் ஒண்ணுதான். பணம், மனம் ரெண்டும் ஒண்ணு. ஆளைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவேன்."

"என்கிட்ட எப்பவுமே மனம்னு வெச்சுக்க. இன்னொண்ணு கிடையாது."

அறை முழுக்கச் சிரித்தது. எல்லோரும் மாஸ்குக்குள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஜன்னல் மாஸ்க்கோடு ஒரு ஈரத்தாள் பொட்டலமும் வந்தது. அந்தத் தாளால் பிளாஸ்டிக்கின் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டால் மூச்சுக்காற்று பட்டு மங்காது. முதல் நாள் நான் துடைக்க மறந்துவிட்டேன். சில நிமிடங்களில் ஜன்னலில் வெள்ளையாகப் பனி படிந்தது. என் வாய் ஒரு நிழலாகிவிட்டது. மறுநாளிலிருந்து மறந்தேன் என்று சொல்ல முடியாது. மூக்கால் விட வேண்டிய மூச்சை வாயால் விடவும் கற்றுக்கொண்டேன்.

புதுசு கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, என் புருவத்தையும் தாடையையும் வைத்து ஊகித்தாள். ஊகிப்பதில் கெட்டிக்காரி. ஆனால் எங்கள் மேசையில் ஒரு சிக்கல் இருந்தது. திசுக்களைப் பிடிக்கும் இடுக்கிகளில் இரண்டு வகை. ஒன்றின் நுனியில் நுண்ணிய பற்கள் இருக்கும், மூடினால் ஒன்றின் இடுக்கில் ஒன்று உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அது பழுதானவற்றுக்கான சிவப்பு டிரேக்குப் போக வேண்டும். மற்றது வழவழப்பானது. பல்லு உள்ளது, பல்லு இல்லாதது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் மட்டும் முள்ளு என்பேன். அந்தச் சொல்லை என் வாயால் சொல்வது, திருடன் போலீஸ் நிலைய வாசலில் நின்று பாட்டுப் பாடுவதுபோல.

"முள்ளு ரெண்டு" என்றேன்.

"புல்லா?" என்றாள் சத்தமாக. "ஆஸ்பத்திரியில புல்லு எதுக்கு? டாக்டர் மாடு வளக்கறாரா?"

ஆவி அண்ணன் டேப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நான் இடுக்கியை எடுத்து நுனியைக் காட்டினேன்.

"அட, பல்லு! பல்லுன்னு சொல்றதுக்கு என்ன? எதுக்கு முள்ளு?"

"முள்ளு" என்றேன் மறுபடியும். அவள் தோளைக் குலுக்கிவிட்டு எடுத்து வைத்தாள்.

இடைவேளையில் அவளாக வந்து பக்கத்தில் நிற்பாள். சலவைப் பிரிவைப் பற்றிச் சொல்வாள். "அங்க எல்லாரும் சாதா மாஸ்க். மூணு வருஷத்துல ஒருத்தர் வாயையும் பார்த்ததில்ல. கையைக் காட்டுவாங்க, துணியை எடுப்பேன். வீட்டுக்குப் போனா பேச்சே மறந்துபோன மாதிரி இருக்கும்." என் பதிலுக்காக அவள் என் பனி படிந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குள் நான் ஏதாவது கத்திரிக்கோலை எடுத்துச் சோதிக்க ஆரம்பித்திருப்பேன்.

பதினோராம் நாள் அது நடந்தது. நரம்பு அறுவைக்கான செட். மென்மையான இடம், பல் உள்ள இடுக்கி கூடவே கூடாது. பட்டியலில் இருந்தது பல் இல்லாதது நான்கு. "முள்ளு இல்லாதது நாலு" என்று நான் வாசித்தேன். இகரத்தை விழுங்கித்தான் வாசித்தேன். பனிக்குப் பின்னால் அது முள்ளு உள்ளது என்றும் தெரிந்திருக்கலாம். அவள் நான்கை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். நான் நிமிர வேண்டும். நிமிர்ந்தால் நேர் எதிரே அவள் கண்கள் என் வாயில் வந்து உட்காரும். குனிந்தபடியே நான்கு டிக் போட்டேன்.

அரங்கில் பொதியைப் பிரித்த உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். வேறு செட் எடுத்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் புகார்த்தாள் வந்தது. சிஸ்டர் எங்கள் இருவரையும் நிற்கவைத்தார்.

"நீ சரியாத்தானே வாசிச்சே?"

"உம்" என்றேன்.

என் சொற்களிலேயே மிகச் சின்னது. இரண்டு வருடமோ இருபது வருடமோ கழித்து நினைத்தாலும் அந்த இரண்டு எழுத்தின் எடை குறையாது என்று நினைக்கிறேன்.

சிஸ்டர் புதுசு பக்கம் திரும்பி, தன் மாஸ்க்கை இறக்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அப்போ நீதான் தப்பா எடுத்திருக்கே."

"எனக்குத் தெரியல சிஸ்டர்" என்றாள் புதுசு. "இருக்கலாம்."

"திங்கட்கிழமையிலிருந்து சலவைக்குப் போயிடும்மா. கோபம் இல்ல. இது உனக்கு ஒத்து வரல."

அன்று மாலை வீட்டில் அண்ணனுக்குப் பதவி உயர்வு கிடைத்த சந்தோஷம். அண்ணி எல்லோரையும் சோபாவில் நெருக்கி உட்காரவைத்தாள். நான் வழக்கம்போல் போனை வாங்கிக்கொண்டு எதிரே போய் நின்றேன்.

"ஒரு தடவையாவது நீயும் வந்து உக்காரேன்" என்றாள் அண்ணி.

"அவ எடுத்தாத்தான் கை ஆடாது" என்றான் அண்ணன்.

"வாயை மூடிக்கிட்டு சிரிச்சா இவளும் நல்லாத்தான் இருப்பா" என்றாள் அம்மா. அவள் அதை ஆசையாகத்தான் சொன்னாள். எடுத்த படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று பேரும் ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதற்குப் படத்தில் ஒரு சான்றும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அவளுடைய கடைசி நாள். காலையில் மேசைக்கு வந்ததும் ஈரத்தாள் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள். நான் பிரிக்காத பொட்டலம்.

"ஆவி அண்ணன் மாஸ்க் மங்கறதில்ல. உன்னுது மட்டும் மங்குது." அதிசயமாக அவள் குரல் தாழ்ந்திருந்தது. "என்னைப் பிடிக்காதவங்க கையால வாயை மூடிப்பாங்க. நீ மூச்சால மூடறே. பரவாயில்ல, பழக்கம்தான். ஆனா இன்னைக்கு ஒரு நாள் தொடச்சுட்டுப் போட்டுக்கோ. நீ என்னதான் வாசிக்கிறேன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

முள்ளைப் பல் என்று கண்டுபிடித்தவளுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா என்று நான் ஏன் யோசிக்கவில்லை? தன்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வாய்ப்பில்லை. அவர்கள் என் பல்லைப் பற்றித்தான் நினைப்பார்கள் என்பதில் அவ்வளவு உறுதியாக இருந்தேன்.

பின்னால் திரும்பி நின்று துடைத்தேன். மாட்டிக்கொண்டு திரும்பினேன். பட்டியலை எடுத்தேன்.

"பல்லு உள்ளது பத்து" என்றேன்.

பொதுவாக என்னிடம் பேசுகிறவர்களின் பார்வை ஒரு கணம் வாயில் விழும், சுட்டதுபோல் உடனே கண்ணுக்குத் தாவும். அந்தத் தாவலை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். புதுசின் கண்கள் தாவவில்லை. அங்கேயே இருந்தன. வெளிச்சம் குறைந்த இடத்தில் பொடி எழுத்தைப் படிப்பவளைப்போல நெற்றியைச் சுருக்கினாள்.

"இன்னொரு தடவை."

"பல்லு உள்ளது பத்து."

"அதானா விஷயம்!" தட்டையான, பெரிய குரல் அறை முழுக்கக் கேட்டது. "உனக்கு முன்பல்லு வெளிய இருக்குல்ல, அதான்! உதடு ஒட்டவே மாட்டேங்குது! ப வர்ற இடத்துல எல்லாம் பல்லு வந்து கீழுதட்டைக் கடிக்குது. பத்துன்னு சொன்னா வத்துன்னு இருக்கு. மூணுன்னு சொன்னா வூணு. நீ பேசறதுல பாதி வ-தான்!"

என் காது, கழுத்து எல்லாம் எரிந்தது. ஆனால் எரிச்சலுக்கு அடியில் வேறொன்று, சில்லென்று, இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பதில்லை. பத்து வருடமாக நான் ஒளிந்துகொண்ட சொற்கள் — உம், போதும், அப்புறம், போறேன் — அவைதான் என் பல்லை உதட்டின் மேல் எடுத்து வைத்துக் காட்டியிருக்கின்றன. பள்ளியில் அவர்கள் செய்து காட்டியது நான் சிரிப்பதை அல்ல. நான் வாயை மூட முயல்வதை.

"காலங்காத்தால என்ன பஞ்சாயத்து?" என்று ஆவி அண்ணன் வந்து நின்றார். "பல்லா? அது எங்களுக்குத் தெரியாதா?"

"எப்படி?" என்றேன்.

"அட்டைப்பெட்டி ரூம் கதவுல வட்டமா கண்ணாடி இருக்கேம்மா. மூணு வருஷமா அந்தப் பக்கம்தானே போறோம் வர்றோம். தனியா சாப்பிடறதுதான் உனக்குப் பிடிக்கும்போலன்னு விட்டுட்டோம்."

சொல்லிவிட்டு டேப்பைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார். மூன்று வருடச் சாப்பாட்டை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

நான் புதுசைப் பார்த்தேன். என் ஜன்னலைத் தொட்டுக் காட்டினேன். "உன்னைப் பிடிக்காம இல்ல. இதுக்காகத்தான் தொடைக்கல. நேத்து நான் நிமிர்ந்தும் பாக்கல. தப்பு என்னுது."

அவள் மெதுவாகப் படித்தாள். ஒவ்வொரு சொல்லும் அவள் முகத்தில் போய்ச் சேர்வது தெரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்படி வலித்திருக்காது.

"ஒரு பல்லுக்காகவா?" என்றாள். "ஒரு பல்லுக்காகவா என்னை மறுபடியும் அங்க அனுப்பப் பாத்தே?"

சிஸ்டரின் அறைக்குத் தனியாகப் போனேன். பனி மாஸ்க், விழுங்கிய இகரம், குனிந்து போட்ட டிக் எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டர் பேனாவை மூடினார்.

"நேத்து ஏன் உம்னு சொன்னே?"

புகார்த்தாளில் என் பெயர் ஏறியது. புதுசைச் சலவைக்கு அனுப்பவில்லை. ஆனால் அவள் என்னோடு எண்ண விரும்பவில்லை என்று சொல்லிவிட்டாள். "அவ வாயைப் படிக்கறது கஷ்டம் சிஸ்டர்" என்றாளாம். பொய்யும் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், கழுவும் பிரிவில் போட்டார்கள். இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. "அங்க போனா எல்லாரும் செவிடுதான்" என்றார் சிஸ்டர். "இவளுக்கு மட்டும்தான் அனுபவம் இருக்கு."

அடுத்த வாரம் சாப்பாட்டு அறைக்குப் போனேன். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கினேன். சோற்றைப் பிசைந்தேன், சாப்பிட்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்வது என்று பத்து வருடமாகப் பழகியிருந்தேன். பார்க்காவிட்டால் என்ன செய்வது என்று பழகவில்லை. அவர்களுடைய பேச்சு மூன்று வருடமாக நடந்துவரும் பேச்சு, எனக்கு நடுவில் நுழைய வழி தெரியவில்லை. ஆனாலும் மறுநாளும் போனேன்.

ஜன்னல் மாஸ்க்கை நான் கழற்றவில்லை. கழுவி வரும் டிரேயில் ஏதாவது குறைந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும். போன் அடித்தால் இரைச்சலில் கேட்காது. கண்ணாடிக்கு முன்னால் கையை ஆட்டினால் அந்தப் பக்கம் நிமிர்வதற்கு ஒருத்தி போதும், இந்தப் பக்கம் வாய் தெரிய ஒருத்தி போதும். காலையில் முதல் வேலையாக ஈரத்தாளால் துடைப்பேன். அவள் வேலைக்கு வேண்டியதைப் படிப்பாள், எடுத்துத் தருவாள், திரும்பிக்கொள்வாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

நேற்று ஒரு டிரேயில் இடுக்கிகள் குறைந்தன. கையை ஆட்டினேன். நுரை படிந்த கையுறையோடு நிமிர்ந்தாள்.

"பல்லு ரெண்டு கம்மி" என்றேன் குரல் இல்லாமல்.

பார்த்தாள். புரியாததுபோல் தலையைச் சாய்த்தாள். பிறகு, அவளும் ஜன்னல் மாஸ்க்தான், மேல்பல்லால் கீழுதட்டைக் கவ்விக் காட்டினாள். வல்லு?

முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுவரை ஓடிய அதே சைகை. அது எனக்கு என்ன என்று அவளுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொன்னதில்லை. வலிக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். வலித்தது. ஆனால் அவள் கண்ணின் ஓரத்தில் பதினோரு நாளும் மாடு வளர்க்கும் டாக்டரும் இருந்தார்கள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

மாஸ்குக்குள் விரலை விட்டு மேலுதட்டைப் பிடித்துக் கீழே இழுத்தேன். கீழுதட்டின் மேல் அதை வைத்து அழுத்தினேன். ஒட்டியது.

"ப" என்றேன். "பல்லு."

அவள் நுரைக்கையால் இரண்டு விரலைக் காட்டிவிட்டு, எடுத்துவரத் திரும்பினாள்.